காவலுக்கும் மொழி வேண்டும்

கைக்குழந்தையும் மூட்டையுமாய் ஏழை எளியோர் கூடுமிடம் தொடர்வண்டி நிலையம். அங்கே வெடி வைப்பவன் எக்கொள்கையின் பெயரைச் சொன்னாலும் கொலைஞனே. அவனிடமிருந்து மக்களைக் காப்பது ஆட்சியின் முதற்கடமை.

திருத்தணிகை மக்கள் இதனைத் தொலைவிடத்துச் செய்தியாக எண்ணலாகாது. சென்னையையும் மும்பையையும் இணைக்கும் இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கின்றது. அதே பாதையில் வடக்கேயுள்ள புத்தூரில், 2013 அக்டோபரில், தேடப்பட்டு வந்த இருவர் ஒரு வீட்டில் பதுங்கியிருந்து பிடிபட்டனர். அவர்களைப் பிடிக்கச் சென்ற தமிழகக் காவல் ஆய்வாளர் ஒருவர் காயமுற்றார். தெற்கே அண்மையிலுள்ள அரக்கோணம் வழியாகச் சென்னை நடுவண் நிலையம் சேர்ந்த பெங்களூர் – குவகாத்தி விரைவு வண்டியில், 2014 மே முதல் நாள் காலை இரு குண்டுகள் வெடித்தன. இளம்பெண் ஒருத்தி உயிர் நீத்தாள், பதினால்வர் புண்பட்டனர். ஆடிக் கார்த்திகைக்குக் காவடியோடு மக்கள் வெள்ளம் வந்திறங்கும் திருத்தணிகை, புத்தூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே உள்ளது.

காவல் என்பது துப்பாக்கியும் கருவியும் மட்டுமோ? 2008 நவம்பர் 26 இரவு, மும்பையின் சத்திரபதி சிவாசி நிலையத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்விரவில் பல உயிர்களைக் காத்தது ஒரு குரல். செண்டே என்னும் அறிவிப்பாளர் தம் அறையை விட்டு அகலாமல், வந்திறங்கிய பயணியரைப் பின்வாயில் வழியே வெளியேறுமாறு ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பக் கூறினார். அறிந்த மொழியில் கூறியதால் மக்கள் கேட்டனர், பிழைத்தனர். அறியா மொழியில் கூறியிருப்பின் அக்குரலும் இரைச்சலோடு இரைச்சலாய்ப் போயிருக்கும்.

நடுவணரசின் ஒருங்கிணைந்த பாதுகாப்புத் திட்டம் 202 நிலையங்களைத் தெரிந்தெடுத்தது. நாட்டிலுள்ள நிலையங்களோ ஏழாயிரத்துக்கு மேல். கருவி வேண்டா என்பாரில்லை. ஆயினும் உரியவரில்லாப் பையொன்றை முதலில் காண்பவர் சுமை தூக்குவோரும் பூ விற்போரும் நாள்தோறும் வேலைக்குச் செல்வோருமே. அவர் ஓடிச் சென்று முறையிடும் காவலருக்குத் தமிழ் தெரியாதாயின், கைச்சாடை காட்டி விளக்கும் வரை குண்டு காத்திருக்குமோ?

இது வீண் அச்சமன்று. 2019 மே திங்களில், மதுரை மாவட்டத்தில் கள்ளிக்குடிக்கும் திருமங்கலத்துக்கும் இடையே, ஒரே பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே விடப்பட்டன. நிலைய அலுவலர் ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காமையே காரணம் என்று அன்று கூறப்பட்டது. அதற்குத் தெற்குத் தொடர்வண்டித் துறை கண்ட மருந்து யாது? அலுவலர் தமிழ் கற்க வேண்டும் என்றதோ? இல்லை, ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேசுக என்று ஆணையிட்டது! தமிழகம் கொதித்தெழுந்த பின்னர், சூன் திங்களில் ஆணையைத் திரும்பப் பெற்றது. ஆணை போயிற்று, நோய் போகவில்லை.

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை, காவல்துறையை மாநிலப் பட்டியலில் வைத்து, இருப்புப்பாதைக் காவலையும் அதனுள் வெளிப்படையாகச் சேர்த்துள்ளது. ஆயினும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொடர்வண்டிப் பாதுகாப்புப் படை ஒன்றியத்தின் கீழ் உள்ளது. இந்தியா எங்கணுமிருந்து ஆளெடுக்கின்றது. ஒரே நடைமேடையில் இருவகைக் காவல். மண்ணையும் மக்களையும் அறிந்த காவலே முன்னிற்றல் வேண்டும்.

இவ்வாறு கேட்கும் தமிழியக்கத்தார் தம் வரலாற்றையும் மறைத்தலாகாது. 1987 மார்ச்சு 15 அன்று, அரியலூருக்கருகே மருதையாற்றுப் பாலம் தமிழின் பெயரால் தகர்க்கப்பட்டு, மலைக்கோட்டை விரைவு வண்டி கவிழ்ந்தது. மாண்ட இருபதின்மேற்பட்டோர் எவர்க்குப் பகைவர்? 1984 ஆகத்து 2 அன்று மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்தில், ஈழ இயக்கமொன்றைச் சார்ந்தோர் வைத்த குண்டு, தொலைப்பேசியில் எச்சரிக்கை வந்திருந்தும், முப்பது பேரளவில் உயிர் குடித்தது. இச்செயல்களால் இனம் வலுப்பெறவில்லை. தமிழுரிமை பேசுவோர் அனைவரையும் ஐயுற ஆட்சியாளர்க்கு வாய்ப்பே கிடைத்தது. 1960 ஏப்பிரல் முதல் நாள் தமிழகத்தோடு சேர்ந்த திருத்தணிகை, பயணியரைக் கொன்று பெற்ற மண்ணன்று. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் மக்களைத் திரட்டிப் போராடியதால் கிடைத்தது.

ஆதலின் அறவழியில் கேட்க வேண்டுவன இவை. தமிழகத்து நிலையங்களில் மக்களோடு பழகும் ஒவ்வோர் அலுவலரும் காவலரும் தமிழில் பேசித் தேர்ச்சி காட்டல் வேண்டும். இடர் அறிவிப்பு முதற்கண் தமிழில் ஒலித்தல் வேண்டும். ஆந்திர அடியார் மிகுதியாக வரும் திருத்தணிகையில் தெலுங்கிலும் ஒலித்தல் வேண்டும். வந்தாரைக் காப்பதும் தமிழர் அறமே. நிலையத்தைச் சார்ந்து பிழைக்கும் எளியோர்க்கு ஐயப்பாடான பொருளைக் கண்டால் செய்ய வேண்டுவதைக் கற்பித்தல் வேண்டும். இரு மாநிலக் காவலரும் புத்தூரில் போன்று எல்லை கடந்து ஒத்துழைத்தல் வேண்டும்.

மொழியுரிமை மேடைக்கு அணியென்று எண்ணுவார் எண்ணுக. நடைமேடையில் நிற்கும் தாய்க்கும் சேய்க்கும் அஃது உயிர்வேலி. அவ்வேலியைக் கட்டத் தமிழர் எழுக!