வீரவாகுவின் துயரம்

புராணக்கதை என்றாலே பழைமைக் குப்பை என ஒதுக்கும் முற்போக்கு நண்பர் சிலரை நாம் வினவுகிறோம்: காங்கேசன்துறை தந்த நடிகமணி வி. வி. வைரமுத்துவை (1924–1989) உருவாக்கியது எது? அரிச்சந்திரன் கதையன்றோ! அவர் பெயரும் மயான காண்டமும் யாழ்ப்பாணத்தில் பிரிக்கவொண்ணாதவை. நாடாண்ட மன்னன் வீரவாகுவுக்கு அடிமையாகிச் சுடலை காக்கிறான். பெற்ற மகனின் பிணத்தை எரிக்கவும் கால்பணமும் முழத்துண்டும் கேட்கிறான். குடாநாட்டு மக்கள் விடிய விடிய இருந்து கண்ணீர் உகுத்தனர்.

ஆயினும், 1957ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்திருந்தும், 1968இல் காங்கேசன்துறைக்கு அயலிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டது. மேடைச் சுடலைக்கு உருகிய நெஞ்சம் ஊர்ச் சுடலையில் உழைத்தவனுக்கு உருகவில்லை.

குற்றம் கலைஞனுடையதன்று. அவன் தன் உயிரையே குரலாக்கிக் கதைக்கு ஈந்தான். கண்ணீரோடு கணக்கை முடித்துக்கொண்டது நமது சமுதாயமே.

ஆகவே, புராணத்தை எரிக்கவும் வேண்டாம், பூசிக்கவும் வேண்டாம். வகுப்பறையில் அதை விரித்துவைத்து, அக்கதை கேளாத கேள்வியை நம் மாணவரைக் கேட்கச் செய்வோம்: மன்னன் சுடலைக்கு வந்தது துயரமென்றால், வீரவாகு அங்கேயே பிறந்தது துயரமில்லையா?