யாருக்கு எழுதுகிறோம்?



பணியிடத்தில் எழுதப்படும் நான்கு வரி அறிவிப்பைப் பெரிய காரியமாக நம்மில் எவரும் கருதுவதில்லை. நானும் அவ்வாறே கருதி வந்தேன். 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கோவளத்தில் நான் கற்றுக்கொண்ட பாடத்தை இம்மாதம் தங்கள் முன் வைக்கிறேன்.

மாண்டஸ் புயல் நம் கடற்கரையை நெருங்கிக் கொண்டிருந்த வியாழக்கிழமை அது. மறுநாள் வெள்ளி, மத்ரஸாவுக்கு வழக்கமான விடுமுறை. சனிக்கிழமை காலை வகுப்பையும் நிறுத்திவிட முடிவு செய்து, கரும்பலகையில் இவ்வாறு எழுதினேன்: "வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையை முன்னிட்டு, மறு அறிவிப்பு வரும் வரை வகுப்புகள் ஒத்திவைக்கப்படுகின்றன." பிள்ளைகள் அதனைத் தத்தம் நோட்டில் எழுதிச் சென்றனர். இலக்கணப் பிழையின்றி எழுதிவிட்ட மனநிறைவு எனக்கு!

டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவையொட்டிப் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. சனிக்கிழமை விடிந்தபோது தெருவில் மரக்கிளைகள் முறிந்து கிடந்தன. ஓரிடத்தில் மின்கம்பி தாழத் தொங்கிக் கொண்டிருந்தது. அவ்வழியாகவே ஒரு மூதாட்டி தம் பேரனின் கையைப் பிடித்தவாறு மத்ரஸா வாசலுக்கு வந்து நின்றார். நான் பதறிப் போனேன்.

"புள்ளை ஏதோ எழுதியாந்தான் ஹஜ்ரத். எனக்குப் படிக்கத் தெரியாது, அவனுக்கு அர்த்தம் தெரியல. புயல்தான் போயிட்டுதே, அதான் கூட்டியாந்தேன்" என்றார் அவர்.

அச்சிறுவனின் தந்தை வெளிநாட்டில் இருக்கிறார். தாயார் அந்த வாரம் ஊரில் இல்லை. அந்த வீட்டில் என் அறிவிப்பைப் படிக்கக் கூடியவன் ஏழு வயதுப் பாலகன் மட்டுமே. நானோ அலுவலகத் தலைமை எழுத்தருக்கு எழுதுவதுபோல் எழுதியிருந்தேன். கம்பியில் மின்சாரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என் மனம் எண்ணிப் பார்க்க அஞ்சுகிறது.

சிந்தித்துப் பாருங்கள். ஒரு செய்தி எழுதியவரின் கையை விட்டு நீங்கும்போது முடிந்துவிடுவதில்லை. பெறுபவர் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கும்போதுதான் அது நிறைவு பெறுகிறது.

புயல் எச்சரிக்கையையே எடுத்துக் கொள்ளுங்கள். துறைமுகங்களில் ஒன்று முதல் பதினொன்று வரை எண்ணிட்ட எச்சரிக்கைக் கூண்டுகளை ஏற்றுகிறார்கள். பகலில் கூம்பு, உருளை வடிவங்கள், இரவில் விளக்குகள். அவை கப்பல் மாலுமிகளுக்கானவை. தூரத்திலிருந்தே கண்டு அவர்கள் பொருள் உணர்வார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிறங்களோ, முறையே கவனித்திருங்கள், ஆயத்தமாகுங்கள், செயலில் இறங்குங்கள் என்று நிர்வாகத்திற்கும் மக்களுக்கும் உணர்த்துபவை. நம்மூர் மீனவருக்கு வரும் செய்தி இன்னும் எளியது: "கடலுக்குச் செல்ல வேண்டாம்." புயல் ஒன்றுதான், கேட்பவரும் அவர் செய்ய வேண்டியதும் வேறாதலால் செய்தியும் வேறாகிறது.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். அக்காலத்தில் நம் இல்லங்களில் பெண்கள் பலர் அரபு எழுத்தை ஓத அறிவர். தமிழ் எழுத்தை அறியார். ஆகவே ஆலிம்கள் தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில் எழுதினர். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகச் சில எழுத்துக்களில் கூடுதல் புள்ளிகளும் இட்டனர். அதுவே அரபுத் தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816-1898) மகானீ என்னும் சட்ட நூலை இம்முறையில்தான் இயற்றினார்கள். மாபெரும் அறிஞர், அடுப்படியில் அமர்ந்து படிக்கும் பெண்மணியை மனக்கண்ணில் நிறுத்தி எழுதுகோலை எடுத்தார்!

எழுத்தே பொருந்தாத நேரமும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவக் கிராமத்திற்குச் சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் தொலைபேசியில் எச்சரிக்கை தந்தார். அங்கு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. ஊரார் அதன் வழியே அறிவித்தனர். மக்கள் கரையை விட்டு விலகி உயிர் பிழைத்தனர். அந்நேரத்தில் பலகையில் எழுதி வைத்திருந்தால் யார் படித்திருப்பார்?

கடை நடத்துவோரும் அலுவலகத்தில் பணிபுரிவோரும் எழுதுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக் கொள்ளுங்கள். இதைப் படிப்பவர் யார்? அவருக்கு இதைப் படித்துச் சொல்பவர் யார்? அவர் என்ன செய்ய வேண்டும்? எப்போது செய்ய வேண்டும்? சரக்கு வரத் தாமதமானால் முதலாளிக்கு எத்தனை நாள், எவ்வளவு நட்டம் என்று எழுதுங்கள். கிடங்குத் தொழிலாளிக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். வாடிக்கையாளருக்கு வேறொரு நாளைக் குறித்துக் கொடுங்கள். ஒரே தாளை மூவருக்கும் நீட்டினால் மூவருமே குழம்புவர்.

எழுதி முடித்ததும், அவ்விஷயம் அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, "என்ன புரிந்தது?" என்று கேளுங்கள். நான் இப்போது அவ்வாறே செய்கிறேன். வகுப்பிலேயே சிறிய பிள்ளையை எழுப்பி, வீட்டில் என்ன சொல்வாய் என்று கேட்கிறேன். அவன் சரியாகச் சொன்ன பின்னரே அனைவரையும் அனுப்புகிறேன்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் எழுதியது இதுதான்: "புயல் வருகிறது. நாளை மத்ரஸா இல்லை. புயல் போன பிறகும் வர வேண்டாம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லும்போது வாருங்கள்." இதில் என் பட்டப்படிப்பின் பெருமை எதுவும் இல்லைதான். ஆயினும் அந்த மூதாட்டி அம்முறை வாசலுக்கு வரவில்லை. ஒலிபெருக்கியில் அறிவித்த மறுநாள்தான் பேரனோடு வந்தார்.