உள்வைப்பைத் தேர்ந்தெடுப்பதில் நோயாளிக்கும் பங்குண்டு

புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றிக்கொண்ட பெண்களுள் சிலர், உள்வைப்பின் மூலம் அதை மீண்டும் உருவாக்கிக்கொள்ள விரும்புகின்றனர். "எது நல்லதோ அதை நீங்களே வையுங்கள், டாக்டர்" என்று கூறி முடிவை முழுவதும் மருத்துவரிடம் விட்டுவிடுவதே பெரும்பாலும் நிகழ்கிறது. இது போதாது என்பதே எங்கள் கருத்து.

காரணம், ஒவ்வொரு தேர்விலும் ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது. சொரசொரப்பான மேற்பரப்புடைய உள்வைப்பு, திசுவைப் பற்றிக்கொண்டு இடம் பெயராமல் நிற்கும். ஆனால் உள்வைப்பைச் சூழ்ந்து உருவாகும் உறையில் அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது. அந்நோய் சொரசொரப்பான வகைகளிலேயே மிகுதியாகக் காணப்பட்டது. 2019இல் பிரான்ஸ் அவற்றுள் சிலவற்றைத் தடை செய்தது. அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இதனால் நிபுணர்கள் பலர் வழுவழுப்பான உருண்டை வடிவ உள்வைப்புகளை நாடுகின்றனர்.

கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அவ்வுறை சுருங்கி இறுகும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு வயிற்றுத் திசுவைக் கொண்டு மார்பகம் அமைக்க மருத்துவர் பரிந்துரைக்கலாம்; அந்த அறுவைச் சிகிச்சை நீண்டது, வயிற்றிலும் தழும்பு விழும். எதையும் பொருத்திக்கொள்ளாமல் இருப்பதும் முறையான தேர்வே. இவற்றுள் எதை ஏற்பது என்பதை, அந்த உடலோடு வாழப்போகிறவரைக் கேளாமல் எவ்வாறு முடிவு செய்ய இயலும்?

2021இல் அமெரிக்க நிர்வாகம், ஆபத்துகளைப் பட்டியலிட்ட படிவத்தை அறுவைச் சிகிச்சைக்கு முன்பே நோயாளிக்கு விளக்க வேண்டும் என்று விதித்தது. அத்தகைய விளக்கத்தை எங்கும் எவரும் கேட்டுப் பெறலாம். என்ன வகை, ஏன் அந்த வகை, எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை என்று தயங்காமல் கேளுங்கள். உள்வைப்பு ஆயுள் முழுவதும் நிலைக்கும் பொருளன்று. பின்னாளில் மாற்றவோ அகற்றவோ நேரிடலாம்.

ஏற்கெனவே பொருத்திக்கொண்டவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அறிகுறி ஏதும் இல்லாதவர்கள் உள்வைப்பை அகற்ற வேண்டும் என்று எவரும் பரிந்துரைக்கவில்லை. ஆண்டுகள் கடந்தபின் திடீரென வீக்கமோ வலியோ கட்டியோ தோன்றினால் மட்டும் காலந்தாழ்த்தாமல் வாருங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால், உள்வைப்பையும் உறையையும் அகற்றுவதன் மூலம் பெரும்பாலும் குணப்படுத்த இயலும்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: நிறுவனம், வகை, வரிசை எண் ஆகியவை குறிக்கப்பட்ட அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு வகை திரும்பப் பெறப்படும் நாளில், அது தம் உடலில் உள்ளதா என்பதை அறிய அவ்வட்டையே உதவும்.