பதினைந்து கோப்பைகளும் நம் மக்தபுகளும்

மனிதனின் மார்க்க வளர்ச்சி எந்த வயதில் நிறைவடைகிறது? இதற்கு நூல்களில் விடை தேட வேண்டியதில்லை. நம் மஹல்லாக்களின் நடைமுறையே விடை சொல்லிவிடுகிறது. பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயது! பிள்ளை குர்ஆனை ஓதி முடிக்கிறான். சில சூராக்களும் துஆக்களும் மனனமாகின்றன. ஆண்டு விழா மேடையில் பரிசு பெறுகிறான். பள்ளிக்கூடத் தேர்வும் டியூஷனும் குறுக்கே வந்ததும் மக்தபிலிருந்து நின்றுவிடுகிறான். அதன்பின் அவனுடைய ஜனாஸா தொழுகை வரை எவரும் அவனுக்கு முறையாக எதையும் கற்பிப்பதில்லை. ஜுமுஆ பயான் இருக்கிறதே என்பார்கள். ஒருவர் பேச, மற்றவர்கள் வாய்மூடிக் கேட்டிருக்கும் அந்த அரைமணி நேரத்தை நாம் பாடவகுப்பு என்று கொள்வதற்கில்லை.

விளைவு என்ன? எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லப்பட்ட விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஐம்பது வயது மனிதர் பாகப்பிரிவினையையும், மகளின் மணமுறிவையும், தந்தையின் மறதி நோயையும், தம் மரண அச்சத்தையும் எதிர்கொள்கிறார். உடல் வளர்ந்தது, பொறுப்பு வளர்ந்தது, வணிகம் வளர்ந்தது. மார்க்க அறிவு மட்டும் மக்தபின் பாயிலேயே அமர்ந்திருக்கிறது.

உளவியல் துறையும் நெடுங்காலம் இதே குறையோடுதான் இருந்தது. ஃபிராய்டு வகுத்த பருவங்கள் வாலிபத்தோடு முடிந்தன. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த ஸ்விட்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே, ஏறத்தாழ பதினோரு, பன்னிரண்டு வயதில் தொடங்கும் படியோடு தம் ஏணியை நிறுத்திக்கொண்டார். எரிக் எரிக்சன்தான் 1950இல் வெளியிட்ட நூலில், பிறப்பிலிருந்து முதுமை வரை எட்டுப் பருவங்களை வகுத்து, ஒவ்வொன்றிலும் மனிதன் கடக்க வேண்டிய ஒரு நெருக்கடி உண்டு என்றார். அவற்றுள் மூன்று, வாலிபத்துக்குப் பிற்பட்டவை: இளமையில் பிறரோடு நெருக்கமா, தனிமையா என்பது, நடுவயதில் அடுத்த தலைமுறையை வளர்த்தெடுப்பதா, தேங்கிப்போவதா என்பது, முதுமையில் வாழ்ந்த வாழ்வை ஏற்றுக்கொள்வதா, நம்பிக்கையிழப்பதா என்பது.

பியாஜேயின் ஒரு சோதனை நம் ஆசிரியர்கள் அனைவரும் அறிய வேண்டியது. 1932இல் வெளிவந்த அவரது நூலில் அது உள்ளது. குழந்தைகளுக்கு இரு கதைகள் சொல்லப்பட்டன. உணவுக்கு அழைக்கப்பட்ட ஒரு சிறுவன் கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் தட்டு இருப்பதை அவன் அறியான். பதினைந்து கோப்பைகள் உடைகின்றன. மற்றொரு சிறுவன், தாய் வீட்டில் இல்லாத நேரத்தில் அலமாரியிலிருந்த ஜாமைத் திருட்டுத்தனமாக எடுக்க முயல, ஒரு கோப்பை உடைகிறது. யார் அதிகக் குற்றவாளி? சிறு குழந்தைகளில் பலர், பதினைந்தை உடைத்தவனே என்றனர். ஒன்பது, பத்து வயதை நெருங்கியவர்கள்தாம் நோக்கத்தைப் பார்த்தனர். கதையைத் தெளிவாகச் சொன்னால் இன்னும் சிறிய குழந்தைகளும் நோக்கத்தைக் கவனிக்கிறார்கள் எனப் பிற்கால ஆய்வாளர்கள் திருத்தியுள்ளனர். இருப்பினும், எண்ணிக்கையைத் தாண்டி எண்ணத்தைக் காண்பது மனிதன் மெல்ல மெல்லக் கற்கும் ஒன்று என்ற அடிப்படை நிற்கிறது.

இப்போது நம் பாடத்திட்டத்தைப் பாருங்கள். ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸ் நிய்யத்தைப் பற்றியது. அதை ஏழு வயதுப் பிள்ளைக்கு அரபியிலும் தமிழிலும் மனனம் செய்விக்கிறோம். செய்விக்கத்தான் வேண்டும், விதை அந்த வயதில் விழுவது நன்று. ஆனால் அந்த ஹதீஸை விளங்கும் ஆற்றல் அவனிடம் முதிரும்போது அவன் நம்மிடம் இருப்பதில்லை. முப்பது வயதில், வணிகக் கூட்டாளியோடு பிணங்கி நிற்கும்போது, அதே ஹதீஸை எவரும் அவனோடு அமர்ந்து மீண்டும் ஓதுவதில்லை. ஆகவே பலர் கோப்பைகளை எண்ணும் வயதிலேயே நின்றுவிடுகிறார்கள். எத்தனை கத்தம், எத்தனை உம்ரா, வலீமாவில் எத்தனை சஹன், பள்ளிவாசல் கல்வெட்டில் யார் பெயர் எத்தனையாவது வரியில்! தவறு செய்த இளைஞன்மீது ஜமாஅத் விசாரணை நடக்கும்போதும், உடைந்த கோப்பைகளின் கணக்கே முதலில் வருகிறது.

ஜேம்ஸ் ஃபவ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1981இல், இறைநம்பிக்கைக்கும் வளர்ச்சிப் படிகள் உண்டு என எழுதினார். சுற்றத்தார் நம்புவதைத் தானும் நம்பும் மூன்றாம் படியிலேயே பெரியவர்கள் பலர் தங்கிவிடுகிறார்கள் என்பது அவரது முடிவுகளில் ஒன்று. அவர் நேர்கண்டவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் கிறிஸ்தவர்களும் யூதர்களும். அவருடைய ஆறு படிகளையும் அப்படியே நாம் சுமக்க வேண்டியதில்லை. மூன்றாம் படி பற்றி அவர் சொன்னதை மட்டும், எந்த ஜமாஅத்திலும் ஒரு வாரம் தங்கிப் பார்த்தவர் மறுக்கமாட்டார்.

இங்கே இருதரப்பார் நம்மை மறிப்பர். ஒரு தரப்பார், இவையெல்லாம் மேற்கின் சரக்கு என்று தள்ளிவிடுவர். மறுதரப்பார், இவையெல்லாம் 1400 ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் உள்ளவை என்று மார்தட்டுவர். முன்னவர்களைவிடப் பின்னவர்களோடுதான் நமக்கு வழக்கு அதிகம். இருக்கிறது என்றால், எங்கே அதன் நடைமுறை?

குர்ஆன் மனித வாழ்வைப் பருவங்களாகக் காட்டுவது உண்மை. பலவீனம், பின் வலிமை, பின் மீண்டும் பலவீனமும் நரையும் என 30:54 பேசுகிறது. அநாதைகளின் சொத்தைப் பற்றிய 4:6, மணப்பருவம் அடைவது மட்டும் போதாது, அவர்களிடம் ‘ருஷ்த்’ எனும் பக்குவத்தைக் கண்ட பின்பே சொத்தை ஒப்படையுங்கள் என்கிறது. புலூக் வேறு, ருஷ்த் வேறு. இதை வைத்து ஃபுகஹாக்கள் எவ்வளவு நுட்பமாக விவாதித்தார்கள்! பக்குவம் தென்படாவிட்டாலும் இருபத்தைந்து வயதில் சொத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவருடைய மாணவர்கள் அபூயூஸுஃபும் முஹம்மதும் (ரஹ்) அதை ஏற்கவில்லை. பெரிய இமாம்கள் வாதிட்ட அந்த வேறுபாட்டை நாமோ, ‘வயதுக்கு வந்துவிட்டாள்’ என்ற ஒரு சொல்லால் அழித்துவிடுகிறோம். திருமணப் பேச்சைத் தொடங்கிவிடுகிறோம்.

நாற்பது வயதைப் பெயர்சொல்லிக் குறிப்பிடும் 46:15ஐ எடுத்துக்கொள்வோம். அவ்வயதை அடைந்தவனின் துஆ ஒருபுறம் பெற்றோரை நோக்குகிறது, மறுபுறம் சந்ததியை நோக்குகிறது. எரிக்சன் நடுவயதின் பணி என்றதும் இதற்கு அயலானதன்று. எரிக்சனைக் கொண்டு குர்ஆனை மெய்ப்பிக்க நாம் முயலவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. நாற்பது வயதுக்காரருக்கு இந்த ஆயத்தைக் கற்பிக்க ஒரு வகுப்பாவது நம்மிடம் உண்டா என்பதே நம் வினா.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஹிஜ்ரி 488இல், அதாவது 1095இல், பாக்தாதின் நிஸாமிய்யாவை விட்டு வெளியேறினார். வயது முப்பத்தேழு அல்லது முப்பத்தெட்டு. கற்பிக்க வாயெடுத்தால் நா எழவில்லை என்று தம் வரலாற்றில் அவரே எழுதுகிறார். அக்காலத்தின் தலைசிறந்த ஆசிரியர், தம் கல்வி யாருக்காக என்று தம் நிய்யத்தையே விசாரித்து, பதவியை விட்டார். இன்று நம் மஹல்லாவில் ஒருவருக்கு அந்த வயதில் அப்படியொரு கலக்கம் வந்தால் என்ன செய்வோம்? ஷைத்தானின் ஊசலாட்டம் என்போம். ஓதிப் பார்க்கச் சொல்வோம். அதிகம் கேள்வி கேட்டால் வழிதவறிவிட்டான் என்போம்.

பெரியவர்கள் வகுப்புக்கு வரமாட்டார்கள் என நிர்வாகிகள் சொல்கிறார்கள். நபித்தோழர்கள் முதிய வயதிலும் கற்றார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) தம் நூலின் கல்விப் பகுதியில் குறிப்பிட்டிருக்கிறார். குர்ஆனின் முதல் மாணவர்களில் வளர்ந்த மனிதர்களே மிகுதி. நம் பெரியவர்களும் வருகிறார்கள். அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தபின், கப்ருஸ்தான் வாசலில் தாழ்ந்த குரலில் ஹஜ்ரத்திடம் கேட்கிறார்கள். பெண்கள் தம் பிள்ளைகளிடம் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புகிறார்கள். கேள்வி இருக்கிறது. அதற்கொரு இடமும் நேரமும் ஆசிரியருக்கு ஊதியமும் இல்லை. மினாராவை உயர்த்த நிதி திரள்கிறது. இஷாவுக்குப் பின் வாரம் இருமுறை ஒரு மணி நேரம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் உரிய ஏற்பாட்டோடு வகுப்பு நடத்த நிதி இல்லையாம்.

அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கப்படும். பிள்ளைப் பருவத்தைக் கடந்தவர்களின் கல்விக்கு இவ்வாண்டு எவ்வளவு செலவிடப்பட்டது என்று எவரேனும் ஒருவர் எழுந்து கேட்கட்டும்.