மாலிஷ்காரி பேசுகிறேன்

போன மாதம் மயூர் விஹாரில் ஒரு வளைகாப்பு. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மா, "உன் கம்பெனியை மூடிட்டாங்களாமே, இப்ப எங்கடி வேலை?" என்றார். "மசாஜ் தெரபிஸ்டா இருக்கேன் பெரியம்மா, ஒரு ஸ்பாவில." சாம்பார் ஊற்ற வந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார். பெரியம்மா குரலைத் தாழ்த்தி ஒரு சாதிப் பெயரைச் சொல்லி, "அவங்க பண்ற வேலையாச்சேடி" என்றார். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். மற்றதை எழுதத்தான் போகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை மக்களே.

அன்று கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததும் யார் வருவார்? மாலிஷ்வாலி. நாற்பது நாள் தாய்க்கும் பிள்ளைக்கும் எண்ணெய் தேய்த்து, காலில் போட்டுக் குளிப்பாட்டி விட்டுப் போவாள். கழுத்து நிற்காத சிசுவை அவள் கையில் கொடுப்போம். டீயை மட்டும் தனி டம்ளரில் கொடுப்போம். ஊரில் என்ன வாழ்ந்தது? பிரசவம் பார்த்த மருத்துவச்சியும், கட்டி கீறி வைத்தியம் பார்த்த அவள் வீட்டுக்காரரும் முடிவெட்டும் சமூகம்தானே. மருத்துவர் என்றே அவர்களுக்குப் பெயர். திண்ணைக்குக் கீழே நிறுத்தித்தான் கூலி கொடுத்தோம். உடம்பைத் தொட்டுக் குணமாக்குகிறவரைத் தாழ்ந்தவர் என்று வைத்தது நம் புத்தி. அது ரயிலேறி தில்லிக்கும் வந்திருக்கிறது, டிக்கெட் இல்லாமல்.

இதே பெரியம்மாவின் மகன் பாங்காக்கில் கால் மசாஜ் நாற்காலியில் சாய்ந்திருந்த போட்டோ குடும்ப வாட்ஸப்பில் வந்தது. எல்லோரும் ஹார்ட் போட்டார்கள். அங்கே வாட் போ கோயிலில் 1955-இலிருந்து இதற்குப் பள்ளிக்கூடமே நடக்கிறது. 2019-இல் யுனெஸ்கோ தாய் மசாஜை மரபுக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் செய்தால் கலை, நான் செய்தால் மானக்கேடா?

நிற்க. நானும் பெரிய யோக்கியம் இல்லை. இருபத்திரண்டு வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தவள், 46 வயதில் வேறு வேலை கிடைக்காமல்தான் இதில் சேர்ந்தேன். ஆர்வம், கனவு எல்லாம் இல்லை. முதல் மூன்று மாதம் அம்மாவிடம் "ஃபிசியோதெரபி மாதிரி ஒண்ணு" என்று பொய் சொன்னேன். ரங்கமணியும் அலுவலகத்தில் அதையேதான் சொல்லி வைத்திருந்தார் :-)

வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் இருபது, இருபத்திரண்டு. பாதிப் பேர் மிசோரம், மணிப்பூர் பெண்கள். கட்டைவிரலால் அழுத்தி நான் வியர்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு சின்னப் பெண்தான் என் இடுப்பைப் பிடித்துத் திருப்பி, "ஆன்ட்டி, விரல் இல்லை, உடம்பு" என்று காட்டினாள். காலை அகட்டி நின்று, முன்னால் சாய்ந்து, நம் எடையை முழங்கை வழியாக இறக்க வேண்டும். இல்லாவிட்டால் தொழிலுக்கு முன்னால் கட்டைவிரல் ஓய்வு பெற்றுவிடும். நீண்ட தடவல் இதயத்தை நோக்கிப் போக வேண்டும். முழங்கால் குழியிலும் கழுத்தின் முன்பக்கத்திலும் அழுத்தக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் கையே வைக்காதே, டாக்டரிடம் அனுப்பு: உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம், பெயர்ந்தால் நுரையீரலுக்குப் போகும். பேலன்ஸ் ஷீட்டில் நான் தப்பு விட்டபோது ஆடிட்டர் திட்டினார், அவ்வளவுதான். இங்கே தப்பினால் உயிர்.

"ஸ்பான்னாலே தப்பான இடமாச்சே" என்பார்கள். தப்பான இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. 2021-இல் தில்லி அரசு, ஆணுக்குப் பெண்ணோ பெண்ணுக்கு ஆணோ மசாஜ் செய்யக்கூடாது என்றே விதி போட்டது. அந்த டிசம்பரிலேயே உயர்நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ரெய்டு வந்தால் முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு டிவியில் வருபவள் வேலை செய்கிற பெண்தான். முதலாளி வருவதில்லை, வாடிக்கையாளர் வருவதே இல்லை. கோபப்படுவதென்றால் அங்கே படுங்களேன்.

சம்பளம் பழைய வேலையில் பாதிதான். சாயங்காலம் முழங்கால் கெஞ்சுகிறது. ஆனால் தோள் இறுகி, கையைத் தூக்க முடியாமல் வருகிற ஒரு பள்ளி ஆசிரியை, எழுந்து போகும்போது தானே தலைமுடியைக் கொண்டை போடுகிறார். நான் முடித்துக் கொடுத்த எந்த மார்ச் கணக்கும் யாருக்கும் இதைச் செய்ததில்லை.

நேற்று அம்மா மூலமாகத் தகவல் வந்தது. பெரியம்மாவுக்கு இடுப்புப் பிடிப்பாம், ஞாயிற்றுக்கிழமை நான் ஃப்ரீயா என்று கேட்டாராம், வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாமாம். போவேன். ஒரு மணி நேரத்துக்கு என்ன ரேட்டோ அதை வாங்கிக்கொண்டுதான் வருவேன். டீயும் குடிப்பேன், அவர்கள் குடிக்கிற டம்ளரில்.