"தப்பு என்னோடது" என்று சொன்ன ரெஃப்ரி

போன ஐ.பி.எல். சமயத்தில் எங்கள் நாக்பூர் காலனி நண்பர் வீட்டில் ஏழெட்டு தமிழ்க் குடும்பங்கள் கூடியிருந்தோம். அம்பயர் ஒரு வைடு தரவில்லை. அவ்வளவுதான், அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். அரிசோனாவிலிருந்து லீவில் வந்திருந்த அக்கா பையன் என் காதருகே வந்து, "மாமா, எங்க ஊர் எட் ஹாக்யுலியை உங்களுக்குத் தெரியுமா?" என்றான். அப்போது தெரியாது. அதன்பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்ததும் வந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு.

ஹாக்யுலிக்கு வக்கீல் தொழில். சட்டம் படிக்கும்போது கைச்செலவுக்காகச் சின்னப் பசங்களின் அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச்களுக்கு விசில் ஊத ஆரம்பித்தார். அப்புறம் பள்ளி, கல்லூரி என்று படிப்படியாக ஏறி 1990ல் என்.எஃப்.எல்.லுக்கு வந்தார். 1992ல் வெள்ளைத் தொப்பி, அதாவது ஏழு பேர் குழுவுக்குத் தலைவர். இரண்டு சூப்பர் பௌல்கள். வாரநாளில் கோர்ட், ஞாயிற்றுக்கிழமை மைதானம். அங்கே பெரும்பாலான ரெஃப்ரிகள் இப்படி வேறு வேலை பார்த்துக்கொண்டே வருகிறவர்கள்தான். ஆனால் மேட்ச் முடிந்ததும் ஒவ்வொரு தீர்ப்பையும் வீடியோவில் போட்டுப் பார்த்து மார்க் போடுவார்கள். நம்ம இன்ஸ்பெக்ஷன் எல்லாம் அதற்கு முன் பிக்னிக்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2008 செப்டம்பர் 14, டென்வர். சான் டியேகோ சார்ஜர்ஸ் 38-31 என்று முன்னிலை. ஒன்றேகால் நிமிடம்தான் பாக்கி. டென்வர் அணி கோல் கோட்டுக்கு ஒரு கெஜம் தள்ளி நிற்கிறது. குவார்ட்டர்பேக் ஜே கட்லர் பந்தை எறியப் போகும்போது அது கை நழுவிக் கீழே விழுகிறது. சார்ஜர்ஸ் ஆள் எடுத்துவிட்டார். மேட்ச் முடிந்த மாதிரிதான். ஆனால் ஹாக்யுலி அதற்குள் விசில் ஊதிவிட்டார், முழுமையாகாத பாஸ் என்று நினைத்து. ரீப்ளேயில் தப்பு தெரிந்தது. ஆனால் விசில் ஊதினால் ஆட்டம் அங்கேயே நின்றுவிட்டதாக அர்த்தம். அன்றைய விதிப்படி பந்தை எடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. பந்து மறுபடி டென்வரிடமே. அவர்கள் டச்டவுன் போட்டு, கூடவே இரண்டு பாயின்ட்டும் எடுத்து 39-38 என ஜெயித்தார்கள்.

சார்ஜர்ஸ் கோச்சிடம் அந்த மைதானத்திலேயே தன் தப்பை ஒத்துக்கொண்டார் ஹாக்யுலி. அப்புறம் வந்து குவிந்த இமெயில்களில் எத்தனையோ பேருக்கு, நான் மோசமாகத் தோற்றுவிட்டேன் என்ற பொருளில் அவரே பதில் எழுதினார். எதிர்க்கட்சியிடம் எதையும் ஒத்துக்கொள்ளாதே என்று கட்சிக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பதே வக்கீல் வேலை. அந்த வக்கீல்தான் இதை எழுதினார்!

லீக் என்ன செய்தது? மார்க்கைக் குறைத்தது. அதோடு விட்டது. அடுத்த வருடம், 2009ல், விதியையே மாற்றியது: இப்படி விசில் ஊதிய பிறகும் பந்தை யார் எடுத்தார்கள் என்று ரீப்ளேயில் தெளிவாகத் தெரிந்தால் அவர்களுக்கே தரலாம் என்று. ஹாக்யுலி 2017 சீசன் வரை ஆடுகளத்தில் இருந்தார். மொத்தம் 28 சீசன். தப்பை ஒளித்திருந்தால், விதியில் இருந்த ஓட்டையும் சேர்ந்தே ஒளிந்திருக்கும்.

அதே 2008 ஜனவரியில் நாம் என்ன செய்தோம்? சிட்னியில் சைமண்ட்ஸுக்கு ஸ்டீவ் பக்னர் அவுட் தரவில்லை. கத்தினோம், கொதித்தோம், நம் போர்டு கேட்டு அடுத்த பெர்த் டெஸ்டிலிருந்து அவரைத் தூக்கவே தூக்கியது ஐ.சி.சி. அந்த மேட்ச்சில் இரண்டு தப்பு செய்தேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது 2020ல். பன்னிரண்டு வருடம் கழித்து! நாம் கத்தின கத்துக்கு அன்றைக்கே சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

"ஸாரி சொன்னா மேட்ச் திரும்பி வருமா?" என்று காலனி நண்பர் கேட்டார். வராதுதான். சார்ஜர்ஸ் ரசிகனின் கோபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. (அந்த சீசன் கடைசி மேட்ச்சில் அதே டென்வரை 52-21 என்று நொறுக்கி சார்ஜர்ஸ்தான் தங்கள் பிரிவை ஜெயித்தது, அது வேறு கதை.) ஆனால் ஒத்துக்கொண்டவனையும் மறைத்தவனையும் ஒரே கழியால் அடித்தால், அடுத்த ரெஃப்ரி என்ன கற்றுக்கொள்வான்?

பதில் எனக்குத் தெரியும். பல வருடம் முன்பு நான் இருந்த ஒரு கிளையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கணக்கு எண்ணில் இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டு, பணத்தை வேறு யாருக்கோ வரவு வைத்துவிட்டான். சாயங்காலம் அவனே கண்டுபிடித்து "என் தவறு" என்று எழுதிக் கொடுத்தான். பணம் திரும்பி வந்தது. இருந்தும் சார்ஜ் ஷீட், ஒரு இன்கிரிமெண்ட் கட். மூன்று மாதம் கழித்து ஒரு சீனியர் அதே தப்பைச் செய்தார். "சிஸ்டம் கோளாறு" என்று எழுதினார், ஒரு மெமோகூட வரவில்லை.

அந்தச் சீனியருக்கு லெட்டர் டிராஃப்ட் செய்து கொடுத்தது நான். பையன் எதிர் டேபிளில்தான் உட்கார்ந்திருந்தான்.

பி.கு: ஹாக்யுலியின் மகன் ஷானும் 2018 முதல் என்.எஃப்.எல்.லில் வெள்ளைத் தொப்பி. பக்னர் செய்தது சரி என்று நான் எங்கேயும் எழுதவில்லை, திட்டுவதற்கு முன் இன்னொரு தடவை படித்துவிடுங்கள்.