பிள்ளை பார்க்கும் வீட்டுக்கு யார் பொறுப்பு?

காலை ஆறு மணிக்குத் தாராவியின் எந்தச் சந்தில் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நம் சகோதரி ஒருத்தி ஒரு கையில் டிபன் டப்பாவும், இடுப்பில் தூங்கி வழியும் பிள்ளையும், தோளில் பால் புட்டியும் மாற்றுத் துணியும் வைத்த பையுமாக வருகிறாள். நாலு வீடு தள்ளி ஒரு கதவு திறக்கிறது. பிள்ளையை உள்ளே கொடுத்துவிட்டு அவள் சயான் ஸ்டேஷனை நோக்கி ஓடுகிறாள். வீட்டு வேலை, ஆஸ்பத்திரித் துப்புரவு, தையல் கம்பெனி என்று ஏதோ ஒன்று. பிள்ளையின் முகத்தை மறுபடி பார்க்க மாலை ஏழு மணி ஆகிவிடும்.

கதவைத் திறந்தாளே, அவளைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம்.

அவள் செய்வதற்கு நம்மிடம் ஒரு பெயர்கூட இல்லை. "அக்கா பிள்ளை பார்க்கிறாள்" என்கிறோம். மராத்திக்காரர்கள் பாளணாகர் என்று பலகை எழுதி மாட்டுகிறார்கள். நாம் அதை உதவி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மாதாமாதம் பணம் கைமாறினாலும் அது உதவிதான். ஒன்றும் நடக்காத வரையில் இந்தப் பெயர் எல்லோருக்கும் வசதியாகவே இருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு வீட்டில் நடந்துவிட்டது. ஆறு பிள்ளைகளை வைத்திருந்த ஓர் அக்கா, குளிப்பாட்ட வெந்நீரை வாளியில் ஊற்றி வைத்தார். வாசலைத் தாண்டி ஓடிய ஒரு பையனைப் பிடிக்கத் திரும்பினார். அந்த நேரத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தை வாளியைப் பிடித்து இழுத்துவிட்டது. வயிறும் தொடையும் வெந்துபோயின. பதறியடித்துப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தீக்காயம் என்றதும் அங்கே போலீசுக்கு எழுதினார்கள். அக்கா இரவு பதினோரு மணி வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி பில் 48,000 ரூபாய்.

இரு குடும்பமும் ஒரே மாவட்டம். அண்ணாச்சிமார் நாலு பேரைக் கூட்டிச் சங்க அறையில் உட்கார்ந்து பேசினோம். பாதியை அக்கா கொடுப்பது, புகார் வேண்டாம் என்று முடிவாயிற்று. அக்கா கழுத்துச் செயினை அடகு வைத்தார். பேசித் தீர்த்துவிட்டோம் என்று நாமும் பெருமையோடு வீடு திரும்பினோம்.

குழந்தை பிழைத்துக்கொண்டது, தழும்பு இருக்கிறது. அக்கா கதவைச் சாத்திவிட்டார். மற்ற ஐந்து பிள்ளைகளின் தாய்மாரில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள். நாம் தீர்த்து வைத்த லட்சணம் இது. அன்று நமக்குத் தெரியாத சில விஷயங்களைப் பிறகு வக்கீல்களிடமும் இன்சூரன்ஸ் ஆபீஸ் நண்பர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

முதலாவது, அந்த 48,000 ரூபாயை யாருமே கொடுத்திருக்க வேண்டியதில்லை. குழந்தையின் தாய் கான்ட்ராக்டரிடம் துப்புரவு வேலை செய்பவர். சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தது. தொழிலாளியிடம் நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளியிடம் மூன்றேகால் ரூபாய் என்று வசூலிக்கும் திட்டம் அது. அதில் தொழிலாளிக்கு மட்டுமின்றிக் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் கான்ட்ராக்டர் கார்டைக் கொடுக்கவில்லை, குடும்பத்தார் பெயரையும் ஏற்றவில்லை. அந்தத் தாயும் கேட்கவில்லை. பதற்றத்தில் யாருக்கும் அது நினைவுக்கும் வரவில்லை. அக்காவின் செயினுக்கு நாம் கணக்குப் பார்த்தோமே தவிர, கான்ட்ராக்டரைப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி சட்டம். வீட்டில் நாலு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கு லைசென்ஸ் வாங்கு என்று சொல்லும் மத்தியச் சட்டம் ஒன்றும் கிடையாது. அதனால் சட்டமே நம் பக்கம் வராது என்று பல சகோதரிகள் நினைக்கிறார்கள். நடத்தும்போது எட்டிப் பார்க்காத சட்டம், அடிபட்டால் மட்டும் வீடு தேடி வரும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவின்படி, கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் ஆறு மாதம் வரையும், கொடுங்காயம் என்றால் மூன்று வருடம் வரையும் சிறைத் தண்டனை உண்டு. உயிர் போனால் 106ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை. பழைய இ.பி.கோ. 304ஏ பிரிவில் இது இரண்டு வருடமாக இருந்தது.

அடிப்பது, கட்டிப்போடுவது, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது ஆகியவற்றுக்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவு மூன்று வருடம் வரை வைத்திருக்கிறது. சில வீடுகளில் பிள்ளை தூங்கட்டும் என்று சளி மருந்தை ஊற்றுகிறார்கள். கதவைப் பூட்டிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகிறார்கள். இதற்கெல்லாம் சங்கம் ஆதரவாகப் பேசாது. அதுபோலவே, பிள்ளையிடம் யாரேனும் தகாத முறையில் நடந்தது தெரியவந்தால் ஊர்ப் பேச்சுக்குப் பயந்து மூடி மறைக்கக்கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காவிட்டால் அதற்கே ஆறு மாதம் வரை தண்டனை. இந்த விவகாரத்துக்குச் சங்க அறையில் பஞ்சாயத்து கிடையாது.

"எது நடந்தாலும் நான் பொறுப்பில்லை" என்று தாய்மாரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் ஓர் அக்காவையும் பார்த்தோம். அந்தக் காகிதம் போலீஸ் வழக்கைத் தடுக்காது. காசு வாங்கிக்கொண்டு செய்வது சேவை என்பதால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் தாய்க்கு வழி உண்டு. அந்தக் காகிதத்தைவிட உதவுவது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். பிள்ளை பெயர், வயது, தாயும் தகப்பனும் வேலை செய்யும் இடம், போன் நம்பர், ஒத்துக்கொள்ளாத மருந்து, தாயின் ஈ.எஸ்.ஐ. எண், வந்த நேரம், போன நேரம், யார் வந்து அழைத்துப் போனார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பிள்ளை கீழே விழுந்தால் அதையும் அன்றே எழுதித் தாயிடம் கையெழுத்து வாங்கவேண்டும். கவனமாகத்தான் இருந்தோம் என்று நாளை சொல்ல வேறென்ன சாட்சி இருக்கிறது?

இன்சூரன்ஸ் விஷயம் இன்னும் குழப்பம். வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிறார்களே, அது போதாதா என்று கேட்கிறார்கள். அது 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா. 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டுமே. அக்காவுக்கு விபத்தில் உயிர் போனால் அவர் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் வரும். அவர் பார்க்கும் குழந்தைக்கு அதில் ஒரு பைசாவும் கிடையாது. வீட்டு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோம் என்பார்கள் சிலர். அது சுவருக்கும் சாமானுக்கும்தான். குடியிருக்கும் வீடு என்று எழுதிக்கொடுத்து அங்கே தொழில் நடந்தால் அதற்கும் சண்டைக்கு வருவார்கள்.

நமக்கு வேண்டியவை இரண்டு, இரண்டும் வேறு வேறு. ஒன்று விபத்துக் காப்பீடு. யார் மேல் தப்பு என்ற கேள்வி இல்லாமல், பாலிசியில் பெயர் உள்ள பிள்ளைக்கு அதில் எழுதியபடி பணம் வரும். வைத்தியச் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்கவேண்டும். சிலவற்றில் சாவுக்கும் ஊனத்துக்கும் மட்டும்தான் பணம். மற்றொன்று பொறுப்புக் காப்பீடு, ஆங்கிலத்தில் பப்ளிக் லயபிலிட்டி. அக்காவின் தவறால் பிள்ளைக்குச் சேதம் என்று ஏற்பட்டு அவர் நஷ்டஈடு தர நேர்ந்தால் கம்பெனி கட்டும். 1991இல் இதே பெயரில் ஒரு சட்டம் வந்தது. அது போபால் விஷவாயுவுக்குப் பிறகு ஆபத்தான ரசாயனம் வைத்திருப்பவர்களுக்காக வந்தது. நமக்குச் சம்பந்தமில்லை. பெயரைக் கேட்டு ஏமாறவேண்டாம்.

பொறுப்புக் காப்பீட்டில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. கம்பெனியைக் கேட்காமல் "தப்பு என்னுடையதுதான்" என்று ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாகப் பேசி முடிக்கவோ கூடாது. சென்ற மழைக்காலத்தில் அந்த அக்காவிடம் இப்படி ஒரு பாலிசி இருந்திருந்தால், அண்ணாச்சிமார் கூடி நியாயம் பேசிய அந்த இரண்டு மணி நேரமே அதைக் கெடுத்திருக்கும். இனி முதலில் ஆஸ்பத்திரி, அடுத்து கம்பெனிக்கு எழுத்தில் தகவல், அப்புறம்தான் பேச்சு.

இன்னொன்று, பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்து எழுதக்கூடாது. நாலு என்று எழுதிவிட்டு ஏழு பேரை வைத்திருந்தால் பணம் கேட்கும் நாளில் அதையே காரணம் காட்டிக் கைவிரிப்பார்கள். காஸ் அடுப்பையும் கவனியுங்கள். பதிவான இணைப்பில் காஸ் விபத்து நடந்தால் எண்ணெய்க் கம்பெனிகளின் காப்பீடு இருக்கிறது. பிளாக்கில் வாங்கிய சிலிண்டரை வைத்துக்கொண்டு அதைக் கேட்க முடியாது.

வாடகை அறையில் இருப்பவர்கள் பதினொரு மாத ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "குடியிருக்க மட்டும்" என்று இருந்தால் உரிமையாளரிடம் ஒரு வரி சம்மதம் எழுதி வாங்கவேண்டும். நம்மைப் போல் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1966ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் 15ஆவது விதி இருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் தொழில் நடத்தினால் ஊழியர் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். மனைவியின் தொழிலுக்கு அவர் ஆள் பிடிக்கவும் கூடாது. குவார்ட்டர்ஸுக்குள் நடத்துவதானால் முன் அனுமதி இல்லாமல் தொடங்கவேண்டாம்.

உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். ஐநூறு கொடு, ஆயிரம் கொடு என்று கேட்கும் தரகர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். சங்க அறையிலேயே செய்து தருகிறோம்.

இவ்வளவும் அந்தச் சகோதரியின் தலையில்தானா என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1976இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் வேண்டும் என்றார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த ஐம்பது இருக்கிறது. நம் பெண்கள் வேலை செய்யும் பெரிய கட்டடங்களில் நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள். ஆனால் இவர்கள் ஒரு கான்ட்ராக்டர், அவர்கள் இன்னொரு கான்ட்ராக்டர். எந்தக் கணக்கிலும் ஐம்பது வருவதில்லை. அங்கன்வாடி 1975 முதல் இருக்கிறது. ஆனால் சில மணி நேரத்தில் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடும் அங்கன்வாடியால், மாலை ஏழு மணிக்கு வரும் தாய்க்கு என்ன பயன்? முழுநாளும் பார்த்துக்கொள்ளும் பாள்னா காப்பகங்களை 2022 முதல் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. நம் வார்டில் எத்தனை என்று கேட்டு மனு எழுதியிருக்கிறோம். முதலாளியும் அரசும் செய்யாத வேலையை, மூலையில் அடுப்பு எரியும் பத்துக்குப் பத்து அறையில் ஒரு பெண் செய்கிறாள். தவறு நேர்ந்தால் ஸ்டேஷன் பெஞ்சு அவளுக்கு மட்டும்.

தனியாக ஒருத்தி போய் நாலு பிள்ளைக்குப் பாலிசி கேட்டால் இன்சூரன்ஸ் ஆபீஸில் ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள். கூட்டமாகப் போனால் குரூப் பாலிசி பேசலாம். அகமதாபாத்தில் இலா பட் 1972இல் தொடங்கிய சேவா சங்கத்தில், கூடை தூக்கும் பெண்களும் பீடி சுற்றும் பெண்களும் 1992 முதல் தங்களுக்கென்று காப்பீட்டுத் திட்டமே நடத்துகிறார்கள். நம்மால் அவ்வளவு முடியாவிட்டாலும் ஒரு பட்டியல் எடுக்க முடியும். பிரீமியத்தில் தாய் ஒரு பங்கு, பார்ப்பவர் ஒரு பங்கு, சங்கம் ஒரு பங்கு என்பது நமது யோசனை. தாய்மார் சிலர் இப்போதே முணுமுணுக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் பிள்ளைக்கென்று போவதே பெரிது என்பது உண்மைதான். அதையும் கூட்டத்தில் பேசுவோம்.

முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க அறைக்கு வாருங்கள். பிள்ளை பார்ப்பவர்கள் அறை ஒப்பந்தத்தையும் காஸ் புத்தகத்தையும், தாய்மார் சம்பளச் சீட்டையும் எடுத்து வரவும். நோட்டுப் புத்தகம் சங்கச் செலவில் தருகிறோம். அந்த அக்காவின் செயினை மீட்க உண்டியல் ஒன்றும் வைத்திருக்கிறோம். அதில் முதல் நூறு ரூபாயைப் போட்டது அந்தக் குழந்தையின் தாய்.